ஏலச்சீட்டில் எவ்வளவு தள்ளலாம்? கணக்குத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

பேரேடு:
ஏல நாளன்று அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு தள்ளுவது, அதாவது முன்கூட்டியே பணம் எடுக்கச் சீட்டுத் தொகையில் எவ்வளவை விட்டுக்கொடுப்பது, என்று பலர் யோசிக்கிறார்கள். அது வீட்டிலேயே முடித்துவிட்டு வர வேண்டிய வேலை. கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கால் மணி நேரம்கூட ஆகாது.

ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், மாதம் 5,000, 20 மாதம், நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நாலாவது மாதம் ஒருவர் 30,000 தள்ளி எடுக்கிறார். அவர் கைக்கு 70,000. அந்த முப்பதாயிரத்தில் கமிஷன் 5,000 போக மீதி 25,000. ஆளுக்கு 1,250 கழிவு. அந்த மாதம் எல்லோரும் 3,750 கட்டினால் போதும்.

கோட்டை விடும் இடம் இதற்கு அடுத்துதான் வரும். சீட்டை நாலாவது மாதம் எடுத்தாலும் இருபதாவது மாதம் எடுத்தாலும் நீங்கள் கட்டும் தவணை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே தவணையைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுங்கள். ஒப்பிட வேண்டியது இரண்டே தொகை: இன்று கைக்கு வருவது ஒன்று, கடைசி மாதம் ஏலமே இல்லாமல், கமிஷன் மட்டும் போக வரும் 95,000 மற்றொன்று. (சீட்டு எடுத்தவருக்கு அதன்பின் கழிவு கிடையாது என்று சில கைச்சீட்டுகளில் விதி வைப்பார்கள். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.)

வெளியே உங்களுக்கு என்ன வட்டிக்குப் பணம் கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். ஒன்றரை வட்டி (மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்) என்றால் 95,000ஐ 1.015ஆல் வகுத்து, எத்தனை மாதம் பாக்கியோ அத்தனை முறை சமம் பொத்தானைத் தட்டுங்கள். சாதா கால்குலேட்டரில் பெரும்பாலும் இது வேலை செய்யும். 19ஆம் மாதத்துக்கு 93,596 வரும், 10ஆம் மாதத்துக்கு 81,858, 4ஆம் மாதத்துக்கு 74,863. லட்சத்தில் கழித்தால் உங்கள் வரம்பு முறையே 6,404, 18,142, 25,137. ஒரு வட்டிக்கு நகைக்கடன் கிடைப்பவர் 4ஆம் மாதம் 18,982க்கு மேல் தள்ளினால் நஷ்டம். இரண்டு வட்டிக்கு வாங்குபவர் 30,798 வரை போகலாம். ஒரே அறை, ஒரே சீட்டு, ஆளுக்கொரு வரம்பு. பக்கத்து ஆள் எவ்வளவுக்குப் போகிறார் என்பது உங்களுக்கு வழிகாட்டி அல்ல.

70,000க்கு எடுத்து வங்கியில் வைப்பு போட நினைப்பவர்களுக்கு: அந்தப் பணத்தின் விலை மாதம் 1.9 சதவீதம் சொச்சம். எந்த வங்கியும் அதைத் தராது.

மூணாந்தரம்:
கணக்கு சரிதான், ஆனால் பாதி. 4ஆம் மாதம் எடுக்காதவர் 20ஆம் மாதம் வரை காத்திருக்கப் போவதில்லையே. அடுத்த மாதம் எடுக்கலாம். இந்த மாதம் 30,000 தள்ளு, அடுத்த மாதம் 27,000க்கு இறங்கும் போலத் தெரிகிறது என்றால், 70,000ஐ ஒரு மாதத்துக்கு இரண்டு வட்டியில் கைமாற்று வாங்கினால் செலவு 1,400. சீட்டில் மிச்சம் 3,000. காத்திருந்ததில் 1,600 லாபம்.

இறங்குமா என்பதை ஊகிக்க ஒரு நோட்டு வேண்டும். மாதாமாதம் தள்ளு எவ்வளவு, எத்தனை பேர் வாய் திறந்தார்கள், யார் எந்தத் தொகையில் நிறுத்தினார்கள் என்று எழுதி வையுங்கள். நடத்துபவர் ஐயாயிரம் என்று ஆரம்பிப்பார். பதினைந்து வரை ஆயிரம் ஆயிரமாகச் சரசரவென்று போகும். அப்புறம் ஐநூறு, பிறகு இருநூறு. ‘ரெண்டு தரம்’ என்று சொன்ன பிறகு ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருநூறு கூட்டினால் அவருடைய வரம்பு அங்கேயேதான். அவர் இன்னும் எடுக்காதவர், அடுத்த மாதமும் வருவார். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யாருடைய குழு என்பதும் முக்கியம். ஜவுளிக் கடைக்காரர்கள் நிறைந்த சீட்டில் தீபாவளிச் சரக்குக்கு முன்பு ஏறும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகள் அதிகமென்றால் மே, ஜூன். தேவை இல்லாதபோதும் ஏற்றிவிடவென்றே வந்து உட்காரும் ஆட்கள் உண்டு. அவர்களுடைய பெயர் சீட்டு எடுத்தவர்கள் பட்டியலில் கடைசி வரை வராது, நோட்டில் தெரிந்துவிடும்.

கல்லாப்பெட்டி:
மூன்று விஷயம் விட்டுப்போனது.

ஒப்பந்தத்தில் தள்ளுக்கு உச்சவரம்பு இருக்கும். ஆரம்ப மாதங்களில் பலரும் அந்த உச்சத்தையே கேட்டு, குலுக்கலில் முடியும். உச்சம் 30,000 என்றால் இரண்டு வட்டிக்காரர் 4ஆம் மாதம் பெயர் கொடுக்கலாம். ஒன்றரை வட்டிக்காரர் குலுக்கல் பக்கமே போகக் கூடாது. சீட்டு விழுந்துவிட்டால் கிட்டத்தட்ட 5,000 கூடுதலாகக் கொடுத்ததாகும்.

ஏலம் எடுத்த அன்றே பணம் வராது. மீதித் தவணைகளுக்கு ஜாமீன் காட்ட வேண்டும், சம்பளச் சான்றோடு ஆள் கேட்பார்கள். ஜாமீன்தாரரிடம் ஏலத்துக்கு முன்பே பேசி, காகிதங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரக்குக்கு அட்வான்ஸ் கொடுக்கும் தேதியை ஏலத் தேதியோடு ஒட்டி வைப்பதுபோல் மடத்தனம் வேறில்லை.

தவணை ஏறிக்கொண்டே போகும் என்பது அடுத்தது. 3,750 என்று பழகிய கை, தள்ளு 6,404க்கு இறங்கும் 19ஆம் மாதம் 4,930 கட்ட வேண்டும். பணம் செலவாகி முடிந்த நேரத்தில்தான் தவணை கனக்கும். முதல் நாளிலிருந்தே 5,000 என்றே எடுத்து வைத்து, கழிவைத் தனி டப்பாவில் போடுங்கள்.

முடிந்தால் ஒரு லட்சச் சீட்டு ஒன்றுக்குப் பதில் 50,000 சீட்டு இரண்டு சேருங்கள். ஒன்றை அவசரத்துக்குத் தள்ளி எடுக்கலாம், மற்றதைக் கடைசி வரை விடலாம்.

பேரேடு:
ஒரு மாதம் காத்திருக்கும் கணக்கை ஏற்கிறேன். ஆனால் இவை எல்லாமே 20ஆம் மாதம் அந்த 95,000 வரும் என்ற நம்பிக்கையில் நிற்பவை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதி இல்லாமல் சீட்டு தொடங்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதைப் பதிவுத்துறை பார்க்கிறது. அனுமதி எண்ணைக் கேளுங்கள், ஒப்பந்த நகலை வாங்குங்கள். எண் சொல்லத் தயங்கினால் வட்டிக் கணக்கு போடுவதே வீண்.

சின்னத்தவணை:
எங்கள் ஒப்பந்தத்தில் கமிஷன் 7 என்று இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

பேரேடு:
2019 திருத்தத்துக்குப் பிறகு 7 வரை எடுக்கலாம். 95,000க்குப் பதில் 93,000 வைத்துப் போடுங்கள். ஒன்றரை வட்டியில் 4ஆம் மாத வரம்பு 26,713 வரும். கமிஷன் மீது ஜிஎஸ்டி தனி, அதை யார் தலையில் எழுதியிருக்கிறார்கள் என்றும் ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள்.