தென்னாப்பிரிக்காவின் என்.எச்.ஐ. சட்டம்: மெடிக்கல் எய்டில் கை வைப்பது நியாயமா?

முரளி_ஜோபர்க்:
2024 மே 15 அன்று, தேர்தலுக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, அதிபர் ராமபோசா கையெழுத்துப் போட்ட தேசிய மருத்துவக் காப்பீட்டு (என்.எச்.ஐ.) சட்டத்தைத்தான் சொல்கிறேன். 33ஆம் பிரிவைப் படித்தீர்களா? திட்டம் முழுதாக அமலுக்கு வந்ததும், அரசு நிதியம் பணம் கொடுக்கும் சிகிச்சை எதற்கும் தனியார் காப்பீடான மெடிக்கல் எய்ட் பணம் கொடுக்கக் கூடாதாம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிறேன். என் பிள்ளைக்காக நான் கட்டுவதைத் தடுக்க இவர்கள் யார்?

செல்வி_டர்பன்:
தம்பி, மெடிக்கல் எய்ட் இருப்பது நூற்றுக்குப் பதினாறு பேர் அளவுக்குத்தான். நாட்டின் மருத்துவச் செலவில் ஏறக்குறையப் பாதி அந்தப் பக்கம் போய்விடுகிறது, மற்ற அத்தனை பேரும் மிச்சப் பாதியில். நான் அரசு கிளினிக்கில் நர்ஸ். விடியற்காலை நாலு மணிக்கே பாட்டிமார் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறந்ததும் ஃபைல் எடுக்க ஒரு வரிசை, பிரஷர் பார்க்க ஒரு வரிசை, அப்புறம் மருந்துக்கு ஒன்று. ஒரு மாதச் சர்க்கரை மாத்திரைக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு தரும் மருத்துவ உரிமை அவர்களுக்கும்தானே?

முரளி_ஜோபர்க்:
வரிசையை நான் மறுக்கவில்லை அக்கா. பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் கவுடெங் மாகாணச் சுகாதாரத் துறையில் டெம்பிசா மருத்துவமனைக் கணக்கில் சந்தேகப்பட்டு எச்சரித்த அதிகாரி பபிதா தேவகரனை 2021 ஆகஸ்டில் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஒரு மாகாணத்திலேயே இந்தக் கதி என்றால், நாடு முழுவதற்கும் ஒரே கஜானாவை எப்படி நம்பிக் கொடுப்பது?

ராசு_அக்ரா:
கானாவில் 2003லேயே காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன் 'கேஷ் அண்ட் கேரி', காசை வைத்தால்தான் ஊசி. மதிப்புக்கூட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கும் 2.5% தீர்வையில் திட்டம் ஓடுகிறது, தனியார் காப்பீட்டுக்கும் தடை இல்லை. ஆனால் நிதியம் மருத்துவமனைகளுக்குத் தர வேண்டிய பாக்கி இழுத்தால், அட்டை இருக்கிறவரிடமும் மருந்துக்குக் காசு கேட்கிறார்கள்.

செல்வி_டர்பன்:
சரி முரளி, 33ஆம் பிரிவை எடுத்துவிடட்டும், நான் சண்டை போடவில்லை. மெடிக்கல் எய்ட் கட்டுவதற்காக உங்களுக்கு வருமான வரியில் கழிவு தருகிறார்களே, அதை நிறுத்தி எங்கள் கிளினிக்குகளுக்குக் கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்களா?

முரளி_ஜோபர்க்:
கழிவை விட்டுக்கொடுக்கிறேன் அக்கா. ஆனால் எந்த கிளினிக்குக்கு எவ்வளவு போனது என்ற கணக்கை வாசலிலேயே ஒட்டி வைக்க வேண்டும், அந்தப் பாட்டிமார் படிக்கிற மாதிரி ஜூலு மொழியில்.