தாத்தாவின் பர்மா மெடலும் தும்பா நறுக்குகளும், எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி:
தாத்தாவின் இரண்டாம் உலகப் போர் மெடல்கள், பர்மா ஸ்டார் உட்பட, ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. படையிலிருந்து விடுவித்த சான்றிதழ் மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. அதே பெட்டியில், 1963 நவம்பர் 21-ல் கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது அப்பா வெட்டி வைத்த பத்திரிகை நறுக்குகள். லேமினேட் செய்யலாமா? மெடலைப் பளபளப்பாக்கலாமா?

பதில் 1:
லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை அப்புறம் பிரிக்கவே முடியாது, செலோடேப்பும் மோசம்தான், பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பத்திரிகைத் தாளில் அமிலம் அதிகம், சான்றிதழோடு ஒட்டி இருந்தால் அதிலும் கறை படியும், அதனால் தனித்தனி அமிலமற்ற உறையில் போடுங்கள். குண்டூசி இருந்தால் எடுத்துவிடுங்கள். முதல் வேலை ஸ்கேன்.

பதில் 2:
மெடலைத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து! ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் எழுத்து கொஞ்சம் மழுங்கும். பர்மா ஸ்டார் ரிப்பனையும் கவனியுங்கள்: நடுவில் சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. வெயில் படும் இடத்தில் மாட்டினால் அந்த நிறங்கள் வெளுத்துவிடும்.

பதில் 3:
அப்பா இருந்தால் இப்போதே பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். அன்று தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி ராக்கெட் விட்ட சோடியம் ஆவி மாலை வானத்தில் ஆரஞ்சு மேகமாகத் தெரிந்தது, அவர் பார்த்திருக்கலாம். அங்கிருந்த தேவாலயத்தில்தான் அப்போது ராக்கெட் தளத்தின் அலுவலகமே நடந்தது. நறுக்கில் பத்திரிகைப் பெயர், தேதி இல்லையென்றால் உறைமேல் பென்சிலில் எழுதுங்கள்.

கேட்டவர்:
சரி, ஞாயிறு அன்று ஸ்கேன் தொடங்குகிறேன். அப்பாவிடமும் கேட்கிறேன்.