22 வயது, பழைய ஸ்விஃப்ட், 19,082 ரூபாய் கார் இன்சூரன்ஸ் பிரீமியம்: எங்கே குறைக்கலாம்?

நொய்யல்கரை:
எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 22, லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 7 வருடம் ஓடிய ஸ்விஃப்ட் ஒன்றைப் பேசி அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். பெட்ரோல், 1197 சிசி. ஆர்சி இன்னும் மாற்றவில்லை. பழைய ஓனரின் பாலிசி இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

ஏஜென்ட் ஒருவர் தந்த கொட்டேஷனை அப்படியே தருகிறேன். சொந்தச் சேதம் (நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கு) 7,150, ஜீரோ டெப் (கிளைமில் தேய்மானம் கழிக்காமல் தருவது) 2,900, இன்ஜின் புரொடெக்ட் 1,250, கன்ஸ்யூமபிள்ஸ் (ஆயில், நட்டு போன்றவை) 480, சாவி 350, ரோட் சைடு உதவி 200, தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்புக்கு) 3,416, ஓனர் டிரைவர் விபத்துக் காப்பீடு 375, சம்பள டிரைவர் 50. ஜிஎஸ்டி சேர்த்து 19,082 ரூபாய்.

"தம்பிக்கு வயசு கம்மி, புது லைசென்ஸ், அதான் இவ்வளவு" என்கிறார். பழைய ஓனருக்கு 45 சதவீதம் என்சிபி (கிளைம் போடாமல் இருந்ததற்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) இருக்கிறதாம், அதை நம் பாலிசியில் போட்டுக் குறைத்துத் தருவதாகவும் சொல்கிறார். போடலாமா? என் சம்பளத்துக்கு இது பெரிய தொகை. வழி சொல்லுங்கள்.

பழைய சர்வேயர்:
தம்பி, முதலில் அந்த வயது விஷயம். இங்கிலாந்திலும் கனடாவிலும் 22 வயது என்றால் பிரீமியம் எகிறும், உண்மைதான். நம் நாட்டில் கார் பாலிசியின் விலை வண்டியை வைத்துத்தான் பெரும்பாலும் வருகிறது: சிசி, வண்டியின் வயது, ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு), எந்த ஊர் பதிவு, கிளைம் வரலாறு. சென்னை போன்ற 8 பெருநகரங்கள் ஏ மண்டலம், திருப்பூர் பி மண்டலம், அதில் உங்களுக்குக் கொஞ்சம் லாபமே. தேர்டு பார்ட்டி 3,416 என்பது 1000 முதல் 1500 சிசி வரை உள்ள கார்களுக்கு மத்திய அரசு 2022 ஜூன் 1 முதல் வைத்த விலை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே தொகைதான், அதில் பேரம் இல்லை.

அடுத்தது என்சிபி. தயவுசெய்து அதைப் போட விடாதீர்கள். என்சிபி ஓனருக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. விற்றவர் அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் அடுத்த காருக்குப் போட்டுக்கொள்வார். நீங்களும் அதே 45 சதவீதத்தைப் போட்டுக் கையெழுத்திட்டால் அது பொய்த் தகவல். பாலிசி எடுக்கும் அன்று யாரும் கேட்க மாட்டார்கள். கிளைம் வரும்போது பழைய கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டாலே தெரிந்துவிடும். அப்போது மாட்டிக்கொள்வது ஏஜென்ட் இல்லை, நீங்கள்.

அந்த 50 ரூபாயையும் எடுக்கச் சொல்லுங்கள். அது சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு. தொகை சின்னதுதான், ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டிருக்கிறார் பாருங்கள்.

ஹெட்லைட்:
ஏழு வருட வண்டிக்கு ஜீரோ டெப் எதற்கு? பேசாமல் தேர்டு பார்ட்டி மட்டும் எடுங்கள் ப்ரோ. 3,416 உடன் விபத்துக் காப்பீடு 375, ஜிஎஸ்டி சேர்த்தாலும் 4,473தான் வரும்.

பழைய சர்வேயர்:
ஹெட்லைட் தம்பி சொல்வது சட்டப்படி சரி. ஆனால் தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் தன் வண்டிக்கு ஒரு ரூபாய்கூட வராது, திருடு போனாலும் வராது. கஷ்டப்பட்டு வண்டி எடுக்கும் வீட்டுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜீரோ டெப் பற்றி என் கருத்து வேறு. புதிதாக ஓட்டுபவர்கள் வண்டியை எங்கே இடிக்கிறார்கள்? பம்பரில், ஃபெண்டரில், கண்ணாடி ஹவுசிங்கில். பார்க்கிங்கில் எடுக்கும்போதும் சந்தில் திருப்பும்போதும் நடப்பது. பம்பர் பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கெல்லாம் தேய்மானம் என்று 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். 5 முதல் 10 வருட வண்டியின் இரும்புப் பாகத்துக்கு 40 சதவீதம் கழிவு. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. 9,000 ரூபாய் பம்பர் என்றால் 4,500 கையிலிருந்து போகும், அதன் மேல் ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. ஜீரோ டெப் இருந்தால் அந்த 1,000 மட்டும். 5 வருடம் தாண்டிய வண்டிக்குப் பல கம்பெனிகள் இதைத் தருவதே இல்லை, உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, விடாதீர்கள். வருடத்துக்கு எத்தனை கிளைம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இரண்டு என்று வரம்பு இருக்கும்.

வேளச்சேரி அக்கா:
இன்ஜின் புரொடெக்ட் சென்னைக்காரர்களுக்கு அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள், உள்ளே தண்ணீர் இழுத்து இன்ஜின் போனது. சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திருப்பூரில் உங்கள் வீடும் கம்பெனியும் ஓடைக்கரையில் இல்லை என்றால் அந்த 1,250 மிச்சம் தம்பி.

அப்புறம் ஒன்று. வீட்டில் அப்பா, அம்மா யாராவது முன்பு கார் வைத்து விற்றிருக்கிறார்களா?

நொய்யல்கரை:
அக்கா, அப்பா ஒரு ஆம்னி வைத்திருந்தார். போன வருடம்தான் விற்றோம். கிளைம் ஏதும் போட்டதில்லை. இந்தக் காரையும் அப்பா ஓட்டுவார்.

வேளச்சேரி அக்கா:
அப்படியென்றால் ஆம்னியின் பாலிசி எந்தக் கம்பெனியோ அங்கே போய், விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டி, என்சிபி சான்று கேளுங்கள். 5 வருடம் தொடர்ந்து கிளைம் இல்லை என்றால் 50 சதவீதம் வரும். விற்று 3 வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஆர்சியும் பாலிசியும் அப்பா பெயரில் இருக்க வேண்டும். நம் ஊரில் இது சட்டத்துக்கு உட்பட்டதுதான், லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும்.

ஹெட்லைட்:
அப்பா பெயரில் போட்டால் இவருக்கென்று என்சிபி சேராதே? சொந்தப் பெயரில் இருந்தால் முதல் வருடம் கிளைம் இல்லாமல் போனால் 20, அப்புறம் 25, 35, 45, 50 என்று ஏறும்.

பழைய சர்வேயர்:
உண்மைதான், அந்த இழப்பு இருக்கிறது. இரண்டு வருடத்தில் தனியாக இன்னொரு கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் சொந்தப் பெயர் நல்லது. இப்போது கையிருப்பு குறைவு, அப்பாவும் ஓட்டுகிறார் என்றால் அப்பா பெயரே போதும். ஒரு விஷயம் கவனியுங்கள்: ஓனர் டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு ஆர்சியில் பெயர் உள்ளவருக்கு மட்டும். அப்பாவின் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அதுவும் கிடைக்காது. உங்களுக்குத் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

விலையைக் குறைக்கிறேன் என்று யாராவது ஐடிவியை அடிமட்டத்துக்கு இறக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டி முழுதாகப் போனால் கைக்கு வருவது அந்தத் தொகைதான்.

நொய்யல்கரை:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவின் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது. 50 சதவீத என்சிபி சான்று கிடைத்துவிட்டது. ஏஜென்ட் கொட்டேஷன் தந்த அதே கம்பெனியின் கிளைக்கு நேராகப் போய்க் கேட்டேன், ஐடிவி மாறவில்லை. சொந்தச் சேதம் 3,575 ஆகக் குறைந்தது. ஜீரோ டெப்பையும் ரோட் சைடு உதவியையும் வைத்துக்கொண்டு மற்ற கூடுதல்களை எடுத்துவிட்டேன். ஜிஎஸ்டி சேர்த்து 12,350 ரூபாய். எனக்கு விபத்து பாலிசி தனியாக எடுக்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். பழைய பாலிசி முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. அதற்குள் வண்டியை எடுத்து ஓட்டலாமா?

பழைய சர்வேயர்:
வேண்டாம். பழைய பாலிசியில் தேர்டு பார்ட்டி பகுதி மட்டும் தானாகப் புது ஓனருக்கு வரும். சொந்தச் சேதம் வராது, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வண்டியைக் கையில் வாங்கும் அன்றே அப்பா பெயரில் புது பாலிசி ஓடத் தொடங்கும்படி தேதி போடச் சொல்லுங்கள். ஆர்சியில் பெயர் மாற்ற ஆர்டிஓவில் கொடுக்கும் ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30, இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தைப் பணம் கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். கம்பெனியில் வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்பார்கள், அதனால் ஒரு நாள் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.