புதுப்பிப்பு: லாபம் கூடியும் மெட்டா பங்கு விழுந்தது ஏன்?

லாபம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் 2024 ஏப்ரல் 25 அன்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏன் சரிந்தது என்று கேட்டிருந்தேன். பெரிய மர்மம் ஒன்றுமில்லை. காலாண்டு அறிக்கையில் வரும் மாதங்களைப் பற்றிய பத்தியிலேயே விடை இருக்கிறது. அந்த ஆண்டு மூலதனச் செலவு (கட்டடம், கணினி போன்றவற்றுக்குப் போடும் பணம்) 3,000 முதல் 3,700 கோடி டாலர் என்றவர்கள், அதை 3,500 முதல் 4,000 கோடியாக ஏற்றிவிட்டார்கள். எல்லாம் செயற்கை நுண்ணறிவுக்காக. அது காசாக நாளாகும் என்று மெட்டாவின் தலைவர் ஸக்கர்பெர்க்கே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன!

ஸ்டாப் லாஸ் (விலை இவ்வளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற முன் உத்தரவு) போட்டும் நஷ்டம் ஏன் என்று கேட்டவர்களுக்கு: அறிக்கை வந்தது சந்தை மூடிய பிறகு. மறுநாள் திறந்ததே கீழேதான். நீங்கள் குறித்த விலையில் வாங்க ஆளே இல்லை, கிடைத்த விலைக்குத்தான் விற்றிருக்கும். நான் இன்னும் விற்கவில்லை.