டீசல் எஞ்சின்: ‘திறனேற்றம்’ வேறு, ‘உறுதியேற்றம்’ வேறு

வணக்கம்.

கனரக லாரிகளின் டீசல் எஞ்சினை உற்பத்தியாளர் வரையறுத்த அளவுக்கு மேல் உழைக்கச் செய்யும் பணிக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக ‘எஞ்சின் மேம்பாடு’ என்பது பரிந்துரைக்கப்பட்டுள்ளது. காற்று வடிகட்டியை மாற்றுவதும் பிஸ்டனை மாற்றுவதும் ஒரே பெயரில் அடங்கிவிடுவதால் அது கலைச்சொல்லாக நிற்காது என்பது என் கருத்து. அதற்கு மாற்றாகத் தோன்றக்கூடிய ‘வலுவேற்றம்’ என்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ‘வலு’ என்பது வேலை செய்யப்படும் வீதத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டில் அதற்குத் ‘திறன்’ என்று பெயர், வலு என்றால் பொதுவழக்கில் உறுதி. ஒருவர் குதிரைத்திறன் என்று படிப்பதை மற்றவர் தாங்கும் உறுதி என்று படிப்பார். எஞ்சினைப் பொறுத்தவரை இவை இரண்டும் தனித்தனிப் பணிகள் என்பதால் இரண்டு சொற்களை முன்வைக்கிறேன்.

முதலாவது ‘திறனேற்றம்’, அதாவது எஞ்சின் தரும் குதிரைத்திறனைக் கூட்டுவது. டீசல் எஞ்சினின் திறனை முதன்மையாகத் தீர்மானிப்பது ஒவ்வொரு எரிப்புச் சுழற்சியிலும் சிலிண்டருக்குள் தெளிக்கப்படும் எரிபொருளின் அளவு. எரிபொருளைத் தெளிக்கும் நாசிலைப் பெரிதாகப் பொருத்தியோ, மின்னணுக் கட்டுப்பாட்டில் தெளிப்பு நேரத்தை நீட்டியோ அதைக் கூட்டிவிடலாம். அதற்கு ஈடான காற்றைக் கொடுப்பதுதான் கடினம். ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. ஆனால் தெளிப்பும் காற்றும் முழுதாகக் கலக்க நேரம் இல்லாததால் நடைமுறையில் அதைவிடக் கணிசமாக அதிகம் தேவைப்படுகிறது. காற்று போதாவிட்டால் கரும்புகை எழும், வெளியேறும் வாயுவின் வெப்பமும் ஏறும். வெளியேறும் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் டர்பைனுக்கு முன்னால் 700 பாகை செல்சியஸ் அளவில் நெடுநேரம் ஓடுவது ஆபத்து என்றே இத்துறையினர் பொதுவாகக் கருதுகின்றனர். ஆகவே பெரிய டர்போவோ, தொடராக இரண்டு டர்போக்களோ பொருத்துகிறார்கள். ஒவ்வொன்றும் அழுத்தத்தை இருமடங்காக்கினால் முடிவில் கிடைப்பது நான்கு மடங்கு. அழுத்தத்தால் சூடேறும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இதே சொல்லுக்குள் அடங்கும்.

இரண்டாவது ‘உறுதியேற்றம்’, அதாவது கூடும் அழுத்தத்தைத் தாங்கும்படி பாகங்களை உறுதியாக்குவது. சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் 200 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு) அளவுக்கு ஏறும்போது 137 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் தலையில் விழும் விசை சுமார் 30 டன் எடைக்குச் சமம். அதே விசை சிலிண்டர் ஹெட்டை மேலே தள்ளி, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை நீளச் செய்து, இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டைக் கசிய வைக்கிறது. தெளிப்பு தொடங்கும் கணத்தை முன்தள்ளினால் உச்ச அழுத்தம் மேலும் ஏறும். ஹெட்டைப் பிடிக்கும் வலிமை கூடிய ஸ்டட்டுகள், அலுமினியத்துக்குப் பதில் எஃகுப் பிஸ்டன்கள், சிலிண்டரின் உட்குழாயான லைனர் அமரும் விளிம்பைத் துல்லியமாகக் கடைதல், தகுந்த பேரிங்குகள், கிராங்க் தண்டின் முறுக்கதிர்வைத் தணிக்கும் டாம்பரைப் புதுப்பித்தல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் எதுவும் தானாக ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டுவதில்லை; திறனைத் தொடாமல், ஆயுளுக்காக மட்டுமே இவற்றைச் செய்துகொள்பவர்களும் உண்டு. (‘உரமேற்றம்’ செறிவான சொல்தான். ஆனால் வயலை நினைக்காமல் அதைப் படிப்பவர் இன்று குறைவு.)

‘திறனேற்றம்’, செலவான ஆற்றலில் பயனாகக் கிடைக்கும் பங்கைக் குறிக்கும் பயனுறுதிறனோடு குழம்பும் என்ற ஆட்சேபம் எழலாம். அதற்கெனத் தனிச்சொல் நிலைபெற்றுவிட்டதால் அதைப் பெரிதாக எண்ணவில்லை. தண்டைச் சுழற்றும் முறுக்குவிசையைக் கூட்டுவதற்கு ‘முறுக்கேற்றம்’ என்ற துணைச்சொல்லும் தேவை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே திறனை நிமிடத்துக்கு 1,800 சுற்றில் தரும் எஞ்சினைவிட 1,200 சுற்றில் தரும் எஞ்சினுக்கு ஒன்றரை மடங்கு முறுக்குவிசை வேண்டும். சிலிண்டர் அழுத்தமும் அதற்கேற்ப ஏறுவதால் குறைந்த சுற்றில் கூட்டப்படும் முறுக்குவிசையே கேஸ்கட்டையும் கியர்பெட்டியையும் முதலில் சோதிக்கிறது. திறனை மட்டும் சொல்லும் விவரக்குறிப்பு இந்தச் சுமையை மறைத்துவிடும்.

வெளியேறும் வாயுவைச் சுத்திகரிக்கும் புகைத்துகள் வடிகட்டியையும் வினையூக்கி அமைப்பையும் கழற்றிவிடுவதைச் சிலர் இதே வரிசையில் சேர்க்கிறார்கள். பல நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பான அச்செயலை ‘மாசுத்தடுப்பு நீக்கம்’ என்று தனியாகவே குறிக்க வேண்டும். அதற்குத் திறனேற்றம் என்ற பெயரைத் தரக் கூடாது.

இரண்டையும் சேர்த்துச் செய்து முடித்த எஞ்சினுக்கு ஒரே பெயர் வேண்டுமென்றால் ‘மீள்கட்டமைத்த எஞ்சின்’ என்பதைத் தவிர்க்கலாம். தேய்ந்த பாகங்களை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கு அச்சொல் தேவைப்படுகிறது. ‘திறனும் உறுதியும் ஏற்றிய எஞ்சின்’ என்று விரித்தெழுதுவதே இப்போதைக்குத் தெளிவானது.