கண்ணுக்குள் கட்டி: ஸ்கேன் அறையில் மறக்க முடியாதவை

வைகைக்கரை அம்மா:
மகளுக்கு அப்போது 18 மாதம். புகைப்படங்களில் இடது கண்ணின் மணி மட்டும் வெள்ளையாக மின்னியதைப் பார்த்து ஓடிய கதை இங்குள்ள பெற்றோருக்குப் புதிதன்று. என் மனத்தை விட்டு அகலாதது பி ஸ்கேன் என்னும் கண் அல்ட்ராசவுண்ட் எடுத்த சில நிமிடங்கள்தான். மூடிய இமையின்மேல் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்த பெண், அதுவரை குழந்தைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர், திரையில் ஒரு மேட்டைக் கண்டதும் பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு குமிழைத் திருப்பி எதிரொலியின் செறிவைக் குறைத்துக்கொண்டே வந்தார். சாம்பல் நிறத்தில் இருந்தவை எல்லாம் மறைந்தன. கட்டிக்குள் இருந்த வெண்புள்ளிகளும் அவற்றுக்குப் பின்னால் விழுந்த நிழலும் மட்டும் மறையவில்லை. அவை கால்சியம் என்பதும், நோய் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோய் என்பதும் மறுநாள்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டன. குமிழைத் திருப்பியபோதே அவருக்குத் தெரிந்திருந்தது.

காவிரி:
எனக்கு வயது 57, கட்டி விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தக்குழாய்ப் படலமான கோராய்டில். சாய ஊசி போட்டு எடுக்கும் கண் ஆஞ்சியோகிராமுக்குப் பிறகு சிறுநீர் மஞ்சளாகப் போவதைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். என்னை வதைத்தது ஓர் எண். முதல் முறை தடிமன் 1.8 மில்லிமீட்டர், மூன்று மாதம் கழித்து 2.3. இரண்டைத் தாண்டினால் புற்றல்லாத சாதாரண மச்சம் என்று விட்டுவிட முடியாது எனப் படித்திருந்ததால், பதினொரு நாள் நான் உறங்கவில்லை. பிறகு மூத்த மருத்துவர் தாமே கருவியைப் பிடித்து, ஒலிக்கற்றை செங்குத்தாக விழாமல் சாய்ந்தால் தடிமன் கூடுதலாகத் தெரியும் என்று விளக்கியபடியே அளந்தார். 1.8தான்.

பொருநை:
வைகைக்கரை அம்மாவுக்கு: கால்சியத்தைத்தான் தேடுகிறார்கள் என்றால் சி.டி. ஸ்கேன் அதைத் தெளிவாகக் காட்டுமே. 2004இல் என் மகனுக்கு அதைத்தான் முதலில் எடுத்தார்கள், சட்டென்று முடிந்தது. பிறகு எம்.ஆர்.ஐ.க்காக மயக்க மருந்து கொடுத்து அவனை உள்ளே கொண்டுசென்றபோது, கதவுக்கு வெளியே அவனுடைய ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். அந்த வேதனை தேவைதானா என்று இன்றும் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற ஸ்கேன் ஊழியர்:
பொருநை அவர்களின் வேதனை புரிகிறது. கருத்தை ஏற்க இயலவில்லை. இந்நோய்க்குக் காரணமான ஆர்.பி.1 மரபணு மாற்றத்தோடு பிறந்த குழந்தைகளுக்குக் கதிர்வீச்சினால் பிற்காலத்தில் வேறு புற்றுநோய்கள் வரும் அபாயம் கூடும் என்பதால்தான் சி.டி.யைத் தவிர்க்கிறார்கள், அந்த மாற்றம் யாருக்கு உண்டு என்பதும் முதல் நாளில் தெரியாது. கால்சியத்தைப் பெரும்பாலும் பி ஸ்கேனே காட்டிவிடும். எம்.ஆர்.ஐ. எடுப்பது வேறு கேள்விகளுக்காக: கட்டி பார்வை நரம்புக்குள் இறங்கியுள்ளதா, மூளையின் பினியல் பகுதியில் இன்னொன்று உள்ளதா என்று அறிவதற்காக.

காவிரி ஐயா, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். தடிமனை மட்டும் பார்த்துக்கொண்டிராதீர்கள். விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்துள்ளதா என்பதை, ஒளியால் விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. நுட்பமாகக் காட்டும், அதுவும் தடிமனுக்கு இணையான எச்சரிக்கை. இயன்றவரை ஒரே இடத்தில், ஒரே கருவியில் அளக்கச் சொல்லுங்கள். அறிக்கைத் தாளோடு நில்லாமல் படங்களைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்குங்கள். ரெட்டினோபிளாஸ்டோமா உள்ள வீடுகளில் அடுத்த குழந்தை பிறந்தவுடன் அதன் விழித்திரையையும் பரிசோதிக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நானும் அந்தக் குமிழைத் திருப்பியிருக்கிறேன், அம்மா. முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர் என்பதால், நாங்கள் பெற்றோரின் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

வைகைக்கரை அம்மா:
இதை எழுதியதற்கு நன்றி, ஐயா. மகள் இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள். தம்பி பிறந்த எட்டாம் நாளே கண்ணைப் பரிசோதித்தார்கள். இரண்டு விழித்திரைகளும் நலமாக உள்ளன. அன்று முழுவதும் நான் திரையைப் பார்க்கவில்லை. பரிசோதித்தவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.