தேய்ந்த குரலில் வந்த பாடல்கள்: மூத்த ராக் கலைஞர்களின் பிற்காலப் பாடல்களில் உங்கள் தேர்வு எது?

நாகர்கோவில்

மூத்த ராக் கலைஞர்கள் அறுபது வயதைக் கடந்த பின்பு பாடியவற்றுள் உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான ஒரே ஒரு பாடலைச் சொல்லுங்கள். அதை எங்கே, எந்த நிலையில் முதன்முதலாகக் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இளமையில் அவர்களுக்குப் புகழ் தேடித்தந்த பாடல்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசிவிட்டோம்.

என் தேர்வு லியோனார்ட் கோஹனின் ‘யூ வான்ட் இட் டார்க்கர்’. அவரை ராக் கலைஞர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். 2008-ஆம் ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழரங்கத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அது போதும். 2016 நவம்பரில், ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட வாரத்தில், கோர்ட் ரோட்டில் ஒரு வங்கியின் வாசலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றிருந்தேன். கோஹன் 7-ஆம் தேதியே இறந்துவிட்டார் என்ற செய்தி அதற்கு முந்தைய நாள்தான் வெளிவந்திருந்தது. அவருக்கு அப்போது 82 வயது. மூன்று வாரங்களுக்கு முன்பு வெளியாகியிருந்த அந்த ஆல்பத்தை அந்த வரிசையில் நின்றபடிதான் முதன்முதலாகக் கேட்டேன்.

நான் இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் ஆலயப் பாடகர்குழுவில் பேஸ் என்னும் மிகத் தாழ்ந்த ஆண்குரலில் பாடிவருகிறேன். அதனால் பாட்டின் தொடக்கத்தில் வரும் ஆண்குரல்கள் சொல்லின்றி முனகி எழுந்தபோதே, அவர்கள் ஒன்றாகப் பல ஆண்டுகள் பாடிப் பழகியவர்கள் என்பது தெரிந்துவிட்டது. அது மான்ட்ரியல் நகரில் கோஹன் சிறுவனாகச் சென்றுவந்த யூத ஜெபாலயத்தின் பாடகர்குழு என்று பிறகு அறிந்தேன். பாட்டில் ‘ஹினேனி’ என்ற எபிரேயச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கடவுள் அழைத்தபோது ஆபிரகாம் மறுமொழியாகச் சொன்ன சொல் அது. நம் தமிழ் வேதாகமத்தில் ‘இதோ, அடியேன்’ என்று இருக்கிறது. உடல் நலிந்து, லாஸ் ஏஞ்சலிஸில் தம் வீட்டிலேயே நாற்காலியில் அமர்ந்து கோஹன் பாட, மகன் ஆடம் உடனிருந்து அந்த ஆல்பத்தை உருவாக்கினார். அந்த நிலையில் இருந்த ஒரு மனிதர் ‘இதோ, அடியேன்’ என்று சொல்வதற்கு எவ்வளவு ஆழமான குரல் தேவையோ, அவ்வளவு ஆழத்துக்கு அவருடைய குரல் ஏற்கெனவே இறங்கியிருந்தது.

இந்தப் பாடலை நான் தேர்ந்தெடுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் அப்பா அதே பாடகர்குழுவை நடத்தியவர், உயர்ந்த ஆண்குரலான டெனர் பாடுபவர். எழுபது வயதில், தாம் பல்லாண்டுகள் பாடிய ஒரு கீர்த்தனையின் சுருதியை இரண்டு கட்டை இறக்கி வாசிக்கும்படி ஆர்கன் வாசிப்பவரிடம் கேட்டார். அன்று எனக்கு அது தலைகுனிவாகப்பட்டது. கோஹனைக் கேட்ட பிறகுதான், அப்பா அன்று இழந்ததை மட்டும் நான் கவனித்தேன், அந்தத் தாழ்ந்த சுருதியில் சொற்கள் எவ்வளவு தெளிவாகக் கேட்டன என்பதைக் கவனிக்கவில்லை என்று புரிந்தது. அவர் 1986-இல் பாடிய ஒரு கேசட் மட்டும் வீட்டில் இருக்கிறது. ஆர்கன் ஒலி அதில் குரலை மூடிவிடுகிறது.

குளச்சல்

ஜானி கேஷ், ‘ஹர்ட்’, 2002. சவூதியின் தம்மாமில் வேலை பார்த்த காலத்தில், அறையில் உடனிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தம் மடிக்கணினியில் அந்தக் காணொளியைப் போட்டுக்காட்டினார். நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் இருபதுகளில் இருந்தபோது எழுதி 1994-இல் வெளியிட்ட பாடல் அது என்பது எனக்கு அப்போது தெரியாது; எழுபது வயதுக்காரர் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதியது என்றே நினைத்தேன். காணொளியில் படிக்கட்டில் நின்று கணவரைப் பார்க்கும் ஜூன் கார்ட்டர் 2003 மே மாதம் இறந்தார். நான்கு மாதங்களில் கேஷும் போய்விட்டார். ஊரில் அம்மா படுக்கையில் இருந்த நேரம் அது. அந்தப் பெண்மணியின் பார்வையை இன்றும் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. இதற்கு மேல் எழுத வரவில்லை, அண்ணாச்சி.

தக்கலை

ஓய்வு பெற்ற ஆசிரியை என்ற முறையில் ஒரு மறுப்பைச் சொல்ல அனுமதியுங்கள். நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்து மனம் கனத்தது உண்மைதான். ஆனால் பிற்காலப் பாடல் என்றாலே அது விடைபெறும் பாடலாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மை அறியாமலே உள்ளே வந்துவிடுகிறது. மரணச் செய்தி பாட்டுக்குத் தரும் கனத்தையும் பாட்டு தானாகச் சுமக்கும் கனத்தையும் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. வயதானவர்கள் மகிழ்ச்சியாகப் பாடியவற்றையும் கேட்போமே.

நான் பணி ஓய்வு பெற்ற 2023-ஆம் ஆண்டில்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். 2005-க்குப் பிறகு அவர்களுடைய சொந்தப் பாடல்களைக் கொண்ட முதல் ஆல்பம் அது. அதில் உள்ள ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’ என் தேர்வு. மகளைப் பார்க்கத் திருவனந்தபுரம் செல்லும் பேருந்தில், களியக்காவிளையில் வண்டி நெரிசலில் நின்றுவிட்ட நேரத்தில் அதைக் கேட்டேன். ஸ்டீவி வொண்டர் விசைப்பலகை வாசிக்க, லேடி காகா உடன் பாட, மெதுவாகத் தொடங்கி மேலே மேலே ஏறும் பாடல். ஏறி முடிந்து, பாட்டு நின்றுவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில், குழுவின் பாடகர் மிக் ஜாகரும் லேடி காகாவும் ஒருவரையொருவர் சீண்டுவதுபோல் குரல் கொடுத்து அதை மறுபடி எழுப்புகிறார்கள். ஜாகருக்கு அப்போது 80 வயது. நாங்கள் கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டங்களில் பார்த்திருக்கிறோம்: பாடல் முடிந்த பிறகும் யாரோ ஒரு பாட்டியம்மாள் நிறுத்த மனமில்லாமல் பல்லவியை மறுபடி எடுப்பார், மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் செல்லும். அந்த இடத்தில், பேருந்தில் இருக்கிறேன் என்பதையே மறந்து தாளம் போட்டுவிட்டேன்.

அந்த மகிழ்ச்சிக்குள் இழப்பு இல்லாமல் இல்லை. அவர்களுடைய டிரம்மர் சார்லி வாட்ஸ் 2021-இல் இறந்துவிட்டார்; இறப்பதற்கு முன் அவர் வாசித்துப் பதிவான இரண்டு பாடல்கள் அதே ஆல்பத்தில் இருக்கின்றன. இழப்பை அருகில் வைத்துக்கொண்டே ஆடுவதற்கும் ஒரு முதிர்ச்சி தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

குலசேகரம்

டீச்சர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்; ஆனாலும் என் தேர்வு ஒரு கொலையைப் பற்றிய பாடல். நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய மூன்றாம் நாள், 2020 மார்ச் 27 அன்று, பாப் டிலன் முன்னறிவிப்பின்றி ‘மர்டர் மோஸ்ட் ஃபவுல்’ பாடலை வெளியிட்டார். அவருக்கு 78 வயது. தாமே எழுதிய புதிய பாடல் எதையும் எட்டு ஆண்டுகளாக அவர் வெளியிட்டிருக்கவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் இலையுதிர்ந்து பால்வெட்டு நிறுத்தியிருந்த நேரம். அதற்கு முன் அடித்து உலர்த்திய ஷீட்டுகள் புகைப்புரையில் கிடந்தன, வாங்குவதற்கு யாரும் வருவதாக இல்லை. நெட்வொர்க் கிடைப்பதற்காக மாலையில் மேட்டுக்கு ஏறி, ஒரு பாறையின்மேல் அமர்ந்து கேட்டேன். 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பாடல். பியானோவும், வில் போட்டு இழுக்கும் நரம்பு வாத்தியமும், மிக மெல்லிய தாளமும் மட்டுமே பின்னணியில் இருக்க, அவர் பாடுவதற்கும் சொல்வதற்கும் இடைப்பட்ட ஒரு குரலில் 1963-இல் டாலஸ் நகரில் அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதைச் சொல்லத் தொடங்குகிறார்.

முதல் சில நிமிடங்களிலேயே எனக்கு எங்கள் இசக்கியம்மன் கோயில் கொடையில் கேட்கும் வில்லுப்பாட்டு நினைவுக்கு வந்துவிட்டது. நம் பகுதியில் வில்லில் பாடப்படும் கதைகளில் பல, அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் கதைகளே. புலவர் அவசரப்படமாட்டார். கொலைக்கு முந்தைய நேரத்தை நீட்டுவார். கொல்லப்படுபவன் அணிந்திருந்ததையும் சென்ற வழியையும் விரிவாகச் சொல்வார். எல்லோருக்கும் தெரிந்த முடிவைப் புதிதாகக் கேட்பதுபோல் நம்மைக் காக்கவைப்பார். மாண்டவர் கைலாசம் சென்று வரம் வாங்கித் திரும்பும் இடத்தில் வரத்துப் பாடி அவரை அழைப்பார். குடத்தின் அடி வேகமெடுக்கும். டிலன் பாட்டிலும் கொலை பாதியிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதியில், வுல்ஃப்மேன் ஜாக் என்ற பழைய வானொலி அறிவிப்பாளரை விளித்து, இந்தப் பாடலைப் போடு, அந்தப் பாடலைப் போடு என்று ப்ளூஸ், ஜாஸ், ராக் பாடல்களையும் கலைஞர்களையும் வரிசையாக அழைத்துக்கொண்டே போகிறார். விமர்சகர்கள் சிலருக்கு அது வெறும் பட்டியலாகத் தெரிந்தது. வரத்துப் பாடக் கேட்டு வளர்ந்த எனக்கு அது பட்டியலாகத் தெரியவில்லை. கொலையுண்ட ஒருவரை அமைதிப்படுத்த, அந்த நாட்டில் பாடத் தெரிந்த அத்தனை பேரையும் அவர் அழைப்பதாகவே கேட்டது.

இளம் டிலனால் இந்தப் பாட்டை எழுதியிருக்க முடியலாம். பாடியிருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. கொடையில் இரண்டாம் நாள் நள்ளிரவில் புலவரின் தொண்டை கட்டிப்போயிருக்கும்போதுதான் கதை உச்சத்துக்கு வரும். கட்டிய தொண்டையில் வரும் சொல்லுக்குக் கிடைக்கும் நம்பகத்தன்மை தெளிந்த குரலுக்குக் கிடைப்பதில்லை. இருட்டிய பிறகு கைபேசி வெளிச்சத்தில் மேட்டிலிருந்து இறங்கினேன், மறுநாளும் ஏறினேன்.

கருங்கல்

நான் செவிலியர். டேவிட் போவியைப் பற்றி யாராவது எழுதினால் அது அவர் 2016 ஜனவரி 10 அன்று இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வெளியான ‘பிளாக்ஸ்டார்’ ஆல்பத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். டீச்சரின் மறுப்பை மனத்தில் வைத்து, அதற்கு மூன்றாண்டு முந்தைய ‘வேர் ஆர் வீ நவ்?’ பாடலைச் சொல்கிறேன். பத்தாண்டு மௌனத்துக்குப் பிறகு, தம் 66-ஆவது பிறந்த நாளான 2013 ஜனவரி 8 அன்று, யாரிடமும் சொல்லாமல் அவர் வெளியிட்டது. நோய் அப்போது கண்டறியப்பட்டிருக்கவில்லை. இளமையில் வாழ்ந்த பெர்லின் நகரத்தின் இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நடக்கிற பாடல், அவ்வளவுதான். இரவுப் பணியின்போது, மணி மூன்றுக்கு மேல், தூக்கம் வராத முதியவர்கள் என்னிடம் இப்படித்தான் பேசுவார்கள்: மீனாட்சிபுரம் பேருந்து நிலையம், அதற்கு எதிரே இருந்த கடை, அங்கே யாருக்காகக் காத்திருந்தேன் தெரியுமா மோளே, என்று. அவர்கள் துயரத்தைச் சொல்வதில்லை, இடங்களைத்தான் சொல்வார்கள்.

முட்டம்

விதியைச் சற்றுத் தளர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் அறுபதைத் தொடவில்லை. 2001 நவம்பரில் இறந்தபோது அவருக்கு 58 வயது. அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற ‘பிரெய்ன்வாஷ்ட்’ ஆல்பத்தை மகன் தானியும் நண்பர் ஜெஃப் லின்னும் முடித்து மறு ஆண்டு வெளியிட்டார்கள். அதில் உள்ள ‘மார்வா ப்ளூஸ்’ என் தேர்வு. பாட்டே இல்லை, ஸ்லைடு கிதார் மட்டும்தான். 2004-இல் கிராமி விருது பெற்றது.

மார்வா என்பது சூரியன் மறையும் நேரத்துக்குரிய இந்துஸ்தானி இராகம். ராக இலக்கணத்தோடு இந்த இசையைப் பொருத்திப் பார்க்க நான் முயலவில்லை. எங்கள் கலங்கரை விளக்கத்தின் கீழே உள்ள பாறைகளில் அமர்ந்து, வள்ளங்கள் கரையேறி முடிந்த மாலைகளில் கேட்டிருக்கிறேன். கிதார் நரம்பின்மேல் வழுக்கிச் செல்லும்போது, வீணையில் நரம்பை இழுத்து வாசிப்பதுபோல, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் உள்ள இடம் முழுவதும் நிரம்புகிறது. அதே ஆல்பத்தின் கடைசிப் பாடல் முடியும் இடத்தில் தந்தையும் மகனும் சேர்ந்து பார்வதியின் நாமத்தைப் பாடுகிறார்கள். கன்னியாகுமரி அம்மன் சன்னதியில் நின்றுவிட்டு வந்த ஒரு மாலையில் தற்செயலாக அதைக் கேட்க நேர்ந்தபோது என் கண்கள் நிறைந்துவிட்டன.

மார்த்தாண்டம்

நான் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். பீட்டில்ஸ் என்ற பெயரிலேயே 2023 நவம்பர் 2 அன்று வெளியான ‘நவ் அண்ட் தென்’ பாடலைச் சொல்வது தொழில் காரணமாகவும்தான். அக்குழுவின் ஜான் லெனன், 1980-இல் இறப்பதற்கு முன், 1970-களின் பிற்பகுதியில் வீட்டில் பியானோ வாசித்தபடி ஒரு கேசட்டில் பாடிவைத்தது அது. 1995-இல் மற்ற மூவரும் அதை முடிக்க முயன்று கைவிட்டார்கள்; பியானோவும் குரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன, இரைச்சலும் இருந்தது. பிறகு திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய கணினி நுட்பம் குரலைத் தனியே பிரித்தெடுத்தது. ஹாரிசன் 1995-இல் வாசித்துவைத்த கிதார் அப்படியே சேர்க்கப்பட்டது. பால் மெக்கார்ட்னி, ஹாரிசனின் நினைவாக, அவருடைய பாணியில் ஸ்லைடு கிதார் வாசித்தார். நாற்பது வயதைத் தொடாத லெனனின் குரலோடு, எண்பதைத் தொட்ட மெக்கார்ட்னி சேர்ந்து பாடுகிறார். பழைய தோழனின் குரல் இளமையாகவே இருக்க, தம் குரல் மட்டும் நடுங்குவதை அவர் மறைக்க முயலவில்லை. நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

அதே வகையான நுட்பம் இன்று என்னிடமும் ஓரளவுக்கு இருக்கிறது. திருமண வீட்டு இரைச்சலுக்குள் சிக்கிய பாட்டிகளின் தாலாட்டை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் பதிவை எழுதிய அண்ணாச்சி, உங்கள் அப்பாவின் 1986 கேசட்டை நீங்களே மறுபடி டேப் ரெக்கார்டரில் போட்டுப்பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடக்கூடும். ஆர்கனைத் தனியே எடுக்க முடியும் என்றே நம்புகிறேன். கொண்டுவாருங்கள்.

நாகர்கோவில்

தம்பி, இன்று பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு உதிர்ந்திருக்கிறது. நாடாவில் பூஞ்சை இல்லை. உறையின்மேல் பாடல்களின் வரிசையை அப்பா தம் கையெழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சுருதியையும் குறித்திருக்கிறார். வியாழக்கிழமை காலை முதல் பேருந்தில் வருகிறேன்.